நல்ல வார்த்தை

புத்தகத்தில் அறுநூற்றுச் சொச்சம் சொற்கள் இருந்தன. அத்தனையையும் தவசி ஏழு வாரத்தில் தலைக்குள் ஏற்றிவிட்டான்.

வகுப்பில் மற்ற எல்லோருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயசு. தவசிக்கு நாற்பத்து நான்கு. மதுரைக்கும் தேனிக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் பத்தொன்பது வருஷம் கண்டக்டராக இருந்தவன். முட்டி தேய்ந்துவிட்டது, இனி நின்றுகொண்டு வேலை பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்கார்ந்து செய்கிற வேலை எது என்று ஊரெல்லாம் விசாரித்து, கடைசியில் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் டிப்ளமோவில் வந்து சேர்ந்தான். நோயாளிகளின் கேஸ் ஷீட்டைப் படித்து, பிரித்து, அடுக்கி வைக்கிற வேலைக்கான படிப்பு. கொரோனா வருவதற்கு மூன்று வருஷம் முந்தி நடந்தது இது.

முதல் பாடமே மருத்துவச் சொற்கள். பெயரைக் கேட்டாலே பிள்ளைகளுக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது. தவசிக்கு மட்டும் அது விளையாட்டாக இருந்தது.

"ஒண்ணுமில்லடா தம்பி. ஒவ்வொரு வார்த்தையும் ஒரு பஸ்ஸு. முன்படிக்கட்டுல ஒருத்தன் ஏறுவான், பின்படிக்கட்டுல ஒருத்தன் ஏறுவான். நடுவுல இருக்கிறவன் யாருன்னு தெரிஞ்சா முடிஞ்சுது. பெரிகார்டைட்டிஸ். பெரின்னா சுத்தி. கார்டின்னா இதயம். ஐட்டிஸ்னா அழற்சி. இதயத்தைச் சுத்தி இருக்கிற உறை வீங்கியிருக்கு. அவ்வளவுதான்!"

பிள்ளைகள் அவனைக் கண்டக்டர் அண்ணே என்று கூப்பிட்டார்கள். தேர்வுக்கு முன்னால் அவனைச் சுற்றித்தான் கூட்டம்.

பாடம் நடத்தியவள் அமலி. வயது முப்பத்தொன்று. எட்டு வருஷம் வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு ஆசிரியையாக வந்தவள். அதிகம் பேசமாட்டாள். சரியாகப் பதில் சொன்னவனைப் பாராட்டவும் மாட்டாள், தப்பாகச் சொன்னவனைத் திட்டவும் மாட்டாள்.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு தவசி அவள் மேஜைக்கு முன்னால் போய் நின்றான்.

"மேடம், புத்தகம் முடிஞ்சிருச்சு. அடுத்து என்ன படிக்கட்டும்?"

"முடிஞ்சிருச்சா?"

"எதை வேணாக் கேளுங்க."

"கோலெசிஸ்டெக்டமி."

"கோலின்னா பித்தம். சிஸ்ட்னா பை. எக்டமின்னா வெட்டி எடுக்கிறது. பித்தப்பையை எடுத்துர்றது, மேடம்."

அவள் இன்னும் நாலைந்து கேட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டே சொன்னான். அமலி புத்தகத்தை மூடி வைத்தாள்.

"நாளையிலேருந்து மத்தியானம் ஒரு மணி நேரம் ஆஸ்பத்திரி வராந்தாவுல போய் உக்காருங்க."

"உக்காந்து?"

"கேளுங்க."

"யார்கிட்ட, என்ன கேக்கணும் மேடம்?"

"யார்கிட்டயும் எதையும் கேக்க வேண்டாம். காதால கேளுங்க. வாயை மட்டும் திறக்காதீங்க."

கல்லூரிக்குப் பின்னாலேயே அதன் மருத்துவமனை. மாணவர்களுக்கான வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு தவசி போனான். மறுநாள் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினான்.

"நாப்பத்தேழு வார்த்தை, மேடம். டாக்டர்கள் பேசினது. ஒண்ணே ஒண்ணுதான் எனக்குத் தெரியாதது."

அமலி நோட்டைப் புரட்டினாள்.

"நோயாளிங்க என்ன பேசினாங்க?"

"அவங்க என்ன பேசுவாங்க மேடம். வலிக்குதும்பாங்க, கிறுகிறுன்னு வருதும்பாங்க. அதையெல்லாம் எழுதல."

"நாளைக்கும் போங்க."

தவசிக்குச் சுருக்கென்றது. வகுப்பிலேயே முதல் ஆளாக வந்தவனைக் கூப்பிட்டு வராந்தாவில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? இரண்டாம் நாளும் போனான். ஒரு பெரியவர் நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்த மாதிரி இருக்கிறது என்றார். ஒரு பெண் அடிவயிற்றில் நண்டு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள். அதை எழுதிக் காட்டினான். அமலி படித்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள். தனக்கு இவ்வளவு தெரிந்திருப்பது மேடத்துக்கே கொஞ்சம் உறுத்துகிறதோ என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் அவன் பக்கத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தாள். ஐம்பது வயது தாண்டியிருக்கும். உசிலம்பட்டிப் பக்கம். பெயர் ஒச்சம்மா. மடியில் ஒரு காகித உறை. அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். எதிர்ச் சுவரில் சாய்ந்தபடி அவள் புருஷன் வீரணன் நின்றிருந்தார். கழுத்தைச் சுற்றித் துண்டு.

"டாக்டரு தம்பி," என்றாள் அவள்.

தவசி திரும்பினான். தான் டாக்டர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கு மூணு மாசமாக் குரலு கம்மிப்போச்சு. தொண்டையில ஏதோ சதை வளந்திருக்காம். அதுல கிள்ளி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாக. இன்னைக்குத்தான் காயிதம் கையில வந்துச்சு. பெரிய டாக்டரு நாளைக்குத்தான் வருவாராம். எனக்கு ராவெல்லாம் தூக்கமே இல்ல, தம்பி. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

வாயைத் திறக்காதீங்க என்று அமலி சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் அந்தக் காகிதம் கைக்கு வந்துவிட்டது. இரண்டு மாசத்துக்கு முன்னால் பார்த்திருந்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்திருக்கும். இப்போது ஒவ்வொரு சொல்லும் தானாகப் பிரிந்து நின்று அவனுக்கு வழிவிட்டது. லேரிங்ஸ், குரல்வளை. பயாப்சி, பயாஸ் என்றால் உயிர், ஆப்சிஸ் என்றால் பார்ப்பது. கடைசி வரிக்கு வந்து சத்தமாகவே வாசித்தான்.

"பாசிட்டிவ் ஃபார் மாலிக்னன்சி."

"அப்படின்னா, தம்பி?"

"அதான்மா, முடிவு வந்திருச்சு. பாசிட்டிவ்."

"பாசிட்டிவா?"

"ஆமா. பாசிட்டிவ்னு தெளிவாப் போட்டிருக்கு."

ஒச்சம்மா அவன் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாசித்துச் சொன்னதற்கு நன்றி என்றுதான் அவன் நினைத்தான். தவசிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு பயணிகூட அவன் கையைப் பிடித்ததில்லை. ரெக்கார்ட்ஸ் அறையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டான்.

அன்று அமலியிடம் நோட்டைக் காட்டும்போது இதைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை பத்தரை மணி. அமலி பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். கதவோரம் நிழல் தெரிந்தது. ஒச்சம்மா நின்றுகொண்டிருந்தாள். தலைக்குக் குளித்து, பூ வைத்து, கையில் லட்டுப் பொட்டலம்.

"இங்கனதான் இருக்காருன்னு சொன்னாக. அந்தா, இருக்காரே!"

நேராகத் தவசியின் பெஞ்சுக்கு வந்தாள். லட்டை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"எடுத்துக்கங்க, தம்பி. வார்டுல பக்கத்துக் கட்டில்காரங்களுக்கெல்லாம் குடுத்துட்டேன். ஊருக்குப் போற நேரம், உங்களைப் பாக்காமப் போக மனசு வரல."

பிள்ளைகள் சிரித்தார்கள். கண்டக்டர் அண்ணனுக்கு வந்த மவுசைப் பார்த்து ஒருவன் மேஜையைத் தட்டினான். அமலி சாக்பீஸோடு திரும்பினாள்.

"என்னம்மா விசேஷம்?"

"எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுமில்லையாம், டீச்சரம்மா. இந்தத் தம்பிதான் காயிதத்தைப் பாத்துச் சொன்னாரு. பாசிட்டிவாம்ல."

 மேஜையைத் தட்டியவன் கை அப்படியே நின்றது.

கொரோனா காலத்துக்குப் பிறகு என்றால், அந்தச் சொல்லைக் கேட்டதும் ஊரே நாலடி தள்ளி நின்றிருக்கும். அப்போது அப்படி இல்லை. திருப்பூரில் இருந்த மகள் போனில் பேசும்போதெல்லாம், "அம்மா, பாசிட்டிவா நெனைம்மா, எல்லாம் பாசிட்டிவாவே நடக்கும்," என்று மூன்று மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒச்சம்மாவுக்குத் தெரிந்த பாசிட்டிவ் அது ஒன்றுதான்.

 தவசியின் உள்ளங்கையில் லட்டு இருந்தது. கையை மூடவும் முடியவில்லை, திறந்து வைத்திருக்கவும் முடியவில்லை. நெய்யும் சீனியும் விரல் இடுக்கில் இறங்கின.

"வீட்டுக்காரர் எங்கம்மா?" என்றாள் அமலி.

"பஸ் ஸ்டாப்புல உக்கார வச்சிருக்கேன். பதினொரு மணி வண்டிக்குப் போறோம்."

"இன்னைக்குப் பெரிய டாக்டரைப் பாக்கணுமே?"

"ஒண்ணுமில்லாததுக்கு அவரை எதுக்குப் பாக்கணும்? அறுப்பு வேலையெல்லாம் போட்டது போட்டபடி கெடக்கு, டீச்சரம்மா."

அமலி சாக்பீஸைக் கீழே வைத்தாள். "வாங்கம்மா, நானும் வர்றேன்," என்றாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். "தவசி, நீங்களும்."

கல்லூரி வாசலுக்கு எதிரேயே பஸ் ஸ்டாப். சிமெண்ட் பெஞ்சில் வீரணன் உட்கார்ந்திருந்தார். காலடியில் துணிப்பை. கையில் ஓரம் மட்டும் கடித்த லட்டு.

அமலி ஒச்சம்மாவை அவர் பக்கத்தில் உட்கார வைத்தாள். தானும் உட்கார்ந்தாள். காகிதத்தை வாங்கி ஒரு தரம் பார்த்தாள்.

"நேத்து இவரு என்ன சொன்னாரும்மா?"

"பாசிட்டிவுன்னாரு."

"அப்ப உங்களுக்கு என்ன புரிஞ்சுது?"

"நல்லதுன்னு. கெட்டது எதுவும் இல்லைன்னு." ஒச்சம்மாவின் குரல் தேய்ந்தது. இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன் டீச்சரம்மா?"

அமலி தவசியை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லுங்க."

"நானா?"

"இது டாக்டர் சொல்ல வேண்டியது. ஆனா வண்டி வந்துக்கிட்டிருக்கு. நீங்கதானே ஆரம்பிச்சீங்க?"

தவசி வாயைத் திறந்தான். மாலிக்னன்சி வந்தது. மால் என்றால் கெட்டது என்பது வந்தது. கார்சினோமா வந்தது. கார்சினோ என்றால் நண்டு, ஓமா என்றால் கட்டி. அறுநூறு சொற்களும் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றன. அந்த அம்மாவிடம் கொடுக்க அதில் ஒன்றுகூடத் தேறவில்லை.  தேய்ந்த முட்டியை மடக்கி, அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா," என்றான். "நான் டாக்டர் இல்ல. இங்க படிக்க வந்தவன். நேத்து நான் சொன்னது உங்களுக்கு வேற மாதிரி வந்து சேந்திருக்கு. அது நல்ல கட்டி இல்லக்கா. புத்துநோய்."

ஒச்சம்மா அழவில்லை. கண் இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"பாசிட்டிவுன்னீங்களே?"

"நோய் இருந்தா அப்படித்தான்க்கா எழுதுவாங்க. தேடினது இருக்குன்னு அர்த்தம்."

"இருக்குன்னா இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே? அதை எதுக்கு நல்ல வார்த்தையாச் சொல்றீக?"

  அமலி தலை குனிந்து கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"எம்மகட்ட சொல்லிட்டேனே," என்றாள் ஒச்சம்மா. "ராத்திரி பூரா அவ அழுதா, தம்பி. சந்தோசத்துல அழுதா. இப்ப அவளுக்கு நான் என்னன்னு சொல்ல?"

அப்போதுதான் வீரணன் பேசினார். குரல் தகரத்தைத் தரையில் தேய்த்த மாதிரி வந்தது.

"எனக்குத் தெரியும்."

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"தண்ணியே இறங்கல. லட்டு எப்படி இறங்கும்? நல்லாயிருச்சுன்னா முழுங்க முடியணும்ல. நேத்தே நெனச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா மூணு மாசத்துக்குப் பெறகு நேத்துத்தான் இவ ஒருவாய்ச் சோறு ஒழுங்காத் தின்னா. சொல்ல மனசு வரல."

ஒச்சம்மா அவர் வாயைக் கையால் பொத்தினாள். அதற்கப்புறம்தான் அழுதாள். பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸைக் கையில் வைத்தபடி திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதாள்.

பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று கத்தினான். இவர்களைப் பார்த்தான். விசிலை மெதுவாக ஊதினான். பஸ் போய்விட்டது.

தவசி துணிப்பையைத் தூக்கிக்கொண்டான். நாலு பேரும் சாலையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்கள். பெரிய டாக்டரின் அறை வாசல் வரைக்கும் தவசி போனான். கதவு திறந்து, அமலியோடு அவர்கள் இருவரும் உள்ளே போனதும், அவன் கால்கள் தானாகப் பின்வாங்கின.

சாயங்காலம் நாலு மணிக்கு அமலி வகுப்பறைக்கு வந்தபோது தவசி மட்டும் இருந்தான். மேஜை மேல் புத்தகம், நோட்டு, மடித்த வெள்ளைக் கோட்டு.

"நான் போறேன், மேடம்."

"எங்க?"

"பழைய வேலைக்கே. கால் போனாப் போகட்டும். அங்க ஒருத்தரைத் தப்பான ஸ்டாப்புல இறக்கி விட்டாலும் அடுத்த வண்டியப் பிடிச்சு வந்து சேந்துருவாரு."

அமலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க வாயைத் திறக்காதீங்கன்னு சொன்னீங்க. நான் கேக்கல. சொன்ன அர்த்தமாவது தப்பான்னு மத்தியானம் பூரா புத்தகத்தைப் பொரட்டிப் பாத்தேன், மேடம். தப்பே இல்ல. ஒரு எழுத்துக்கூடத் தப்பில்ல. அதுதான் என்னைய உலுக்குது. கூட ஒரு நாள் கழிச்சு அந்தம்மா லட்டு குடுக்க வந்திருந்தா? வராமலே போயிருந்தா?"

அமலி அவன் நோட்டை எடுத்துப் புரட்டினாள்.

"உங்களுக்கு இப்படி நடந்திருக்கா, மேடம்?"

"நடந்திருக்கும்."

"இருக்கும்னா?"

"எட்டு வருஷம் வார்டுல இருந்தேன். எத்தனையோ பேர்கிட்ட எத்தனையோ சொல்லியிருக்கேன். சரிங்க, சரிங்கன்னு தலையாட்டிட்டுப் போனாங்க. ஒருத்தரும் லட்டோட திரும்பி வரல."

 தலையாட்டிவிட்டுப் போனவர்கள் எந்தெந்த பஸ்ஸில் ஏறி எந்தெந்த ஊருக்குப் போனார்களோ என்று நினைத்துப் பார்க்கவே தவசிக்குப் பயமாக இருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு மேடம்?" என்றான்.

"நாளைக்குக் காலையில ஆபரேஷனைப் பத்தி விவரமா பேசறேன்னாரு. டோட்டல் லேரிஞ்செக்டமி."

பழக்கதோஷத்தில் மனசு அதைத் துண்டு போட்டது. லேரிங்கோ, குரல்வளை. எக்டமி, வெட்டி எடுப்பது. டோட்டல், முழுசாக. மூன்று துண்டும் சரியாக விழுந்தன. விழுந்த பிறகுதான், தகரத்தைத் தரையில் தேய்த்த மாதிரி ஒரு குரல் அவன் காதில் கேட்டது. எனக்குத் தெரியும் என்றது. தவசி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"அவருக்குப் பேச்சே இருக்காது," என்றான்.

"உயிர் இருக்கும்கறாரு. வேற எங்கயும் பரவலயாம்."

"இதை யாரு மேடம் அந்தம்மாவுக்கு எடுத்துச் சொல்றது?"

"டாக்டர் சொல்லுவாரு. கூட இருந்து புரியற மாதிரிச் சொல்ல ஒரு ஆள் வேணும்னு அந்தம்மா கேட்டாங்க."

"நீங்க இருப்பீங்கள்ல?"

"நானும் அதைத்தான் சொன்னேன். வேண்டாம்னுட்டாங்க."

"வார்டு சிஸ்டர்?"

"அவங்களும் வேண்டாமாம். உங்களைத்தான் கேக்கறாங்க."

தவசி எழுந்துவிட்டான். 

"என்னையா? அவ்வளவு செஞ்ச என்னையவா? எதுக்கு மேடம்?"

"நானும் கேட்டேன்," என்றாள் அமலி. "'உங்களுக்கெல்லாம் இது தெனமும் சொல்ற பேச்சு, டீச்சரம்மா. அந்தத் தம்பிக்கு இனிமே ஒரு வார்த்தை சொல்லணும்னாலும் கை நடுங்கும். அவரே வந்து சொல்லட்டும், நான் நம்புறேன்'னாங்க."